அக்காவை முந்தாத கால்கள்

விசில் ஊதியதும் பிள்ளைகள் எல்லோரும் நின்றார்கள். பவி மட்டும் அதற்கு முன்னாலேயே நின்றிருந்தாள்.

பந்து அவள் அக்கா நிரோஷாவின் காலில் இருந்தது. கிரவுண்டின் இடது ஓரம், சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு எட்டு உள்ளே. பவி பின்னாலிருந்து நல்ல வேகத்தில்தான் வந்தாள். அக்காவின் முதுகுக்கு மூன்று முழம் இருக்கும்போது, குறுக்கே யாரோ சுவர் வைத்தது போல நின்றுவிட்டாள். மோதிவிடாமல் இருக்கக் கையைக்கூட முன்னால் நீட்டிக்கொண்டாள்.

மேட்டில் உட்கார்ந்திருந்த நான் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த தாய்மாரும் சிரித்தார்கள். கோச் ரியாஸ் சேர் சிரிக்கவில்லை. விசிலை வாயிலிருந்து எடுத்துச் சட்டையில் துடைத்தார். அவர் அப்படித் துடைத்தால் பொறுமை முடிகிறது என்று அர்த்தம்.

அந்த நேரம் கிரவுண்டை ஒட்டிய பாதையில் மாத்தளை ரயில் வந்தது.  ரயில் போன பிறகு, திரும்பவும் முதலிலிருந்து என்றார். பவி திரும்பவும் ஓடினாள். திரும்பவும் அதே இடத்தில் நின்றாள்.

அன்றைக்கு எத்தனை தடவை அப்படி நடந்தது என்று நான் எண்ணவில்லை. கடைசித் தடவை என் சிரிப்பு போய்விட்டது.

மேட்டில் என் இடம்

நான் எப்படி அந்தக் கிரவுண்டுக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கிழவிக்குப் பந்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள்.

போனது சண்டை போட. நிரோஷாவும் பவியும் என் மகளின் பிள்ளைகள். மகள் வெளிநாட்டில் வீட்டு வேலை செய்கிறாள். பிள்ளைகள் மஹய்யாவையில் என்னோடு இருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்கு வராமல் கிரவுண்டில் நிற்கிறார்கள் என்று தெரிந்ததும், இரண்டு பேர் காதையும் பிடித்து இழுத்து வருவோம் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போனேன்.

போய்ச் சேர்ந்தபோது விளையாட்டு நடந்துகொண்டிருந்தது. முடியட்டும் என்று மேட்டில் உட்கார்ந்தேன். முடிந்ததும் எதற்கு வந்தேன் என்பதே மறந்துபோனது. அடுத்த நாள் பிளாஸ்கில் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியும் கொஞ்சம் சீனியும் எடுத்துக்கொண்டு போனேன்.

எனக்கு எழுத்து தெரியாது. பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததே பேத்திகளைச் சேர்க்கப் போன அன்றுதான். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல நிரோஷாதான் எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே போட்டால் வாசிக்கிறவர்களுக்குக் கஷ்டமாம், புத்தகத்தில் போடுகிற மாதிரி போடுகிறாளாம். போடட்டும். ஆனால் பந்து விளையாட்டைப் பார்க்க எழுத்து எதற்கு? கண் இருந்தால் போதும்.

பிள்ளைகளின் முதுகில் பேர் எழுதியிருக்கும். நான் ஓட்டத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். ஒருத்தி தலையில் தண்ணிக் குடம் இருப்பது மாதிரி கழுத்தை ஆட்டாமல் ஓடுவாள். இன்னொருத்தி கலைந்த கோழியைப் பிடிக்கப் போகிறவள் மாதிரி கையை அகட்டிக்கொண்டு ஓடுவாள். நிரோஷா குனிந்து ஓடுவாள், மழைக்குள் ஓடுகிறவள் மாதிரி. பவியின் ஓட்டம்தான் அழகு. மண்ணில் கால் படுகிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும்.

எழுபதுக்கு மேல் எனக்கு இப்படி ஒரு சந்தோசம் கிடைக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால், இன்னும் கொஞ்சம் நிம்மதியாகக் கிழவியாகி இருப்பேன்.

செருப்புகளை வைத்து ஒரு பாடம்

ரியாஸ் சேர் மடவளைக்காரர். அங்கே துணிக்கடை வைத்திருக்கிறார். இள வயதில் நன்றாக விளையாடியவராம், முழங்கால் போய்விட்டது. பின்னேரம் அஸர் தொழுகை முடித்துவிட்டு, கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறி வருவார். பிள்ளைகளிடம் சத்தம் போடமாட்டார். துணி விரித்துக் காட்டுகிற மாதிரி பொறுமையாக விரித்துக் காட்டுவார்.

பிள்ளைகளின் ரப்பர் செருப்புகளை வாங்கி மண்ணில் வைப்பார். இது அக்கா, இது தங்கச்சி, இது எதிராளி. ஓரமாக ஏறிப்போகிற பிள்ளைக்கு விங் என்று பேர். அவளுக்குப் பின்னால் காவலுக்கு நிற்கிறவள் பெக். விங்கின் காலில் பந்து இருக்கும்போது, பெக் சும்மா பின்னால் நின்று வேடிக்கை பார்க்கக் கூடாது. விங்குக்கு வெளிப்பக்கமாக, கோட்டை ஒட்டிக்கொண்டு, அவளைத் தாண்டி முன்னால் ஓட வேண்டும். அதற்குப் பேர் ஓவர்லெப்.

எப்போது ஓடுவது என்பதில்தான் விசயம் இருக்கிறது. முந்தி ஓடினால் எதிராளி பார்த்துவிடுவாள். பிந்தி ஓடினால் அக்காவின் பந்தைப் பறித்துவிடுவார்கள். அக்கா பந்தை நிறுத்தி உள்பக்கம் தலையைத் திருப்புகிற நேரம்தான் நேரம். ஓடும்போது சத்தம் கொடுக்கவும் வேண்டும். முதுகுக்குப் பின்னால் வருகிறவளை அக்கா எப்படிப் பார்ப்பாள்?

பெக் போய்விட்டால் அவள் நின்ற இடம் காலியாகிவிடும் அல்லவா? அதற்கும் வழி வைத்திருந்தார். நடுவில் நிற்கிற பிள்ளை பின்வாங்கி அந்த இடத்துக்கு வர வேண்டும். ஒருத்தி கதிரையை விட்டு எழும்பினால், திரும்பி வரும் வரைக்கும் இன்னொருத்தி அதில் உட்கார வேண்டும் என்று சொல்வார். இது எனக்கு உடனே பிடிபட்டது. தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கிற அறைகளில், ஒருத்தி பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனால், அடுத்த அறைக்காரி வந்து அவள் அடுப்பைப் பார்த்துக்கொள்வாள். யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

பவிக்கும் எல்லாம் தெரியும். செருப்பை அவள் கையில் கொடுத்தால் சேரை விடச் சுத்தமாக நகர்த்திக் காட்டுவாள். வலது பக்கத்தில், வேறொரு பிள்ளைக்குப் பின்னால் விட்டுப் பார்த்தார்கள். பறந்தாள். ஆனால் அவள் இடது காலால் அடிக்கிறவள். இடதுக்குக் கொண்டுவந்து அக்காவுக்குப் பின்னால் விட்டால் நின்றுவிடுவாள்.

சேர் கேட்ட கேள்வி

என் சிரிப்பு போன அந்தப் புதன்கிழமை பயிற்சி முடிந்ததும் ரியாஸ் சேர் மேடேறி என்னிடம் வந்தார். பிளாஸ்க் மூடியில் சாயத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். நின்றுகொண்டே குடித்தார்.

"ஆச்சி, ஒரு விசயம் கேக்கோணும். இந்தப் புள்ளைக்கி அக்காவப் பயமா?"

அவளுக்கா, அக்காவின் சோற்றிலிருந்து கருவாட்டைத் திருடித் தின்கிறவள் என்று சொன்னேன்.

"காலு இரிக்கி. மூச்சி இரிக்கி. அக்காட முதுகு வந்தா நிக்கிறா. நான் மூணு மாசமா இதத்தான் பாக்கிறன். எனக்கு வெளங்குதில்ல."

அதற்குப் பிறகு சொன்னதுதான் பாரமான செய்தி. சனிக்கிழமை கம்பளைப் பிள்ளைகளோடு மெட்ச். அதில் நன்றாக ஆடுகிறவர்களைத்தான் மாகாணப் போட்டிக்கு எடுப்பார்கள். அன்றைக்கும் பவி ஓடாமல் நின்றால் அந்த இடத்தில் வேறு பிள்ளையைப் போட வேண்டி வரும். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூடியைக் கழுவாமலேயே திருப்பித் தந்துவிட்டார். அந்த மனிதர் ஒருநாளும் அப்படிச் செய்ததில்லை.

பவிக்கு வேறு எதுவும் வேண்டாம். படிப்பில் சுமார். அம்மா தூரத்தில். பந்து விளையாடுகிற சப்பாத்தைத் துடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிற பிள்ளை அவள்.

சேருக்கு விளங்காதது எனக்கு விளங்கிவிட்டது. எதற்கு நிற்கிறாள் என்று தெரிந்தது. நிற்க வைத்தது யார் என்றும் தெரிந்தது.  பிளாஸ்கை எடுத்துக்கொண்டு, வாங்கடி போவோம் என்றேன்.

நாங்கள் மூவரும் வீட்டுக்கு எப்படி நடப்போம் என்றால், முதலில் நான், எனக்குப் பின்னால் நிரோஷா, கடைசியில் பவி. படியாக இருந்தாலும் ரோட்டாக இருந்தாலும் அதுதான் வரிசை. நடக்கப் பழகின நாளிலிருந்து அப்படித்தான். மூத்தவளை இளையவள் முந்தக் கூடாது. முந்தினால் அடி விழும். வேறு எதற்கும் நான் அந்தப் பிள்ளைகள் மேல் கைநீட்டியதில்லை. இதற்கு மட்டும் அடித்திருக்கிறேன்.

ஏன் என்று அவர்கள் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

மலைப்பாதை

கம்பளைக்கு மேலே இருக்கிற தேயிலைத் தோட்டம் ஒன்றில்தான் நான் பிறந்தேன். கொழுந்து எடுத்த கை இது. விரல் நுனியைப் பார்த்தால் இப்போதும் கறுப்பு இருக்கும், சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் போகாது.

தேயிலை மலையில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை. என் நிரையில் நான்தான் எடுப்பேன். அடுத்தவள் நிரையில் கை வைத்தால் சண்டை வரும், மூன்று நாளைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. அது ஒன்று. இன்னொன்று பாதை. மலையில் பாதை என்றால் ஒரு ஆள் அகலம். ஒரு பக்கம் மண் திட்டு, மறுபக்கம் பள்ளம். மூத்தவள்தான் முன்னால் போவாள். கையில் கம்பு வைத்துக்கொண்டு செடியைத் தட்டித் தட்டிப் போவாள். குளவிக்கூடு இருக்கிறதா, பாம்பு இருக்கிறதா, மண் இளகியிருக்கிறதா என்று பார்ப்பாள். பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பிக் குரல் கொடுப்பாள், வழி நல்லாருக்கு, வாங்க என்று. அந்தக் குரல் கேட்ட பிறகுதான் மற்றவர்கள் கால் வைப்பார்கள்.

எனக்கு ஒரு தங்கச்சி இருந்தாள். பூவாயி என்று பேர். இதை எழுதுகிற நிரோஷா இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுது புள்ள.

பூவாயி என்னை விட இரண்டு வயது சின்னவள். வாய் ஓயாது. கூடையோடு நடக்கும்போதும் ஏதாவது ஒரு கதை சொல்லிக்கொண்டுதான் வருவாள். பாதிக் கதையில் அவளே சிரித்து, கதை முடியாமலே போய்விடும். பவியின் ஓட்டம் அழகு என்று சொன்னேனே, அந்த நடை எங்கிருந்து வந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

மழைக்காலம். மூன்று நாளாக விடாத மழை. கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் கடைசியாகப் போய்க்கொண்டிருந்தோம். நான் முன்னால். என் கூடையின் தலைக்கயிறு நனைந்து வழுக்கியது. நின்று அதைச் சரிசெய்தேன். பின்னால் வந்தவள் பொறுக்கவில்லை.

"நீ மெதுவா வா அக்கா. நான் பாத்து சொல்றேன்."

பள்ளத்துப் பக்கமாக, என்னை ஒட்டிக்கொண்டு, கூடையைச் சரித்து என்னைத் தாண்டிப் போனாள். அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கின் ஈர மணம் என் முகத்தில் அடித்தது. திரும்பிச் சிரித்துவிட்டு வளைவில் மறைந்தாள்.

நான் கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு நின்றேன். குரலுக்காகத்தான் நின்றேன். அது வரவில்லை. வேறு ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம் இல்லை. ஈரத் துணி மூட்டையைக் கல்லில் போடுவது போல ஒரு சத்தம். மேலே இருந்த மண் திட்டு அப்படியே இறங்கிவிட்டது.

அவளை எடுக்க ஒரு பகல் பிடித்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னால் ஆகாது.

பார்க்க வேண்டியவள் நான். முன்னால் போக வேண்டியவள் நான். அவளை முந்தவிட்டது என் தப்பு. இத்தனை வருசமும் அப்படித்தான் நினைத்திருந்தேன். மகளை அப்படித்தான் வளர்த்தேன், பேத்திகளையும் அப்படித்தான் வளர்த்தேன். இப்போதும் மழை பெய்தால் இந்த ஊரில் எல்லோரும் மலையைப் பார்த்துவிட்டுத்தான் கதவைச் சாத்துகிறார்கள். என் பயத்தில் பிழை இல்லை. ஆனால் அந்தப் பயம் பந்து உருள்கிற தட்டையான கிரவுண்டுக்கும் வந்து, ஒரு பிள்ளையின் காலைக் கட்டும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

வராத பந்துக்கு எதற்கு ஓட்டம்

வெள்ளிக்கிழமை நான் கொஞ்சம் முந்தியே கிரவுண்டுக்குப் போனேன். சேர் செருப்புகளை வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு கேள்வி இருந்தது. வலது பக்கத்தில் ஓவர்லெப் ஓடுகிற பிள்ளைக்குப் பத்தில் ஒரு தடவைதான் பந்து வருகிறது. மற்ற நேரமெல்லாம் சும்மா ஓடிவிட்டுச் சும்மா திரும்புகிறது. கிடைக்காத ஒன்றுக்கு அந்தப் பிள்ளை எதற்கு நாய் படாத பாடு பட வேண்டும் என்று கேட்டேன்.

அவர் குந்தி உட்கார்ந்து ஒரு செருப்பை நகர்த்தினார்.

"பந்து கெடைக்கத்தான் ஓடணும்டு இல்ல ஆச்சி. இவ வெளியால போனா, எதிராளி இவளோட போகும். அக்காட முன்னுக்கு வழி தொறக்கும். இவ போகாட்டி எதிராளி நேரா அக்காட மேலதான் வந்து விழும்."

எதிராளியாக வைத்திருந்த நீலச் செருப்பையும் தங்கச்சிச் செருப்போடு சேர்த்து வெளியே இழுத்துக்கொண்டு போனார். அக்காச் செருப்பு மட்டும் தனியாக நின்றது. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை, வெறும் மண்.

நான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன ஆச்சி என்று கேட்டார். ஒன்றும் இல்லை, தூசி என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அன்றைக்குத் திரும்பும்போது, எங்கள் வீட்டுக்கு ஏறுகிற படியில் நான் நின்றுவிட்டேன். இன்னும் வெளிச்சம் இருந்தது. பிள்ளைகளை உட்காரச் சொன்னேன். மேல்படியில் நான், நடுவில் நிரோஷா, கீழே பவி. உட்கார்வதும் அந்த வரிசையில்தான் என்று அப்போதுதான் கவனித்தேன். பூவாயியைப் பற்றிச் சொன்னேன். உங்களுக்கு இப்போது சொன்னதை விடக் கூடுதலாகவே சொன்னேன். நிரோஷா அழுதாள். பவி அழவில்லை. அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அவங்க சத்தம் குடுப்பாங்கன்னு எவ்வளவு நேரம் நின்னீங்க அம்மாயி?"

தெரியாது என்றேன். இப்போதும் தெரியாது.

பிறகு எழும்பி ஒதுங்கி நின்று, முன்னால் போ என்று பவியிடம் சொன்னேன். அவள் அக்காவைத் தாண்டினாள். என் பக்கத்தில் வந்தாள். தாண்டி ஒரு படி வைத்தாள். அவளுடைய பையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.

போகச் சொன்ன வாயும் என்னுடையது, பிடித்த கையும் என்னுடையது. பவி திரும்பி என் கையைப் பார்த்தாள். இறங்கிப் போய் அக்காவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள். பழைய வரிசையிலேயே வீட்டுக்குப் போனோம்.

கம்பளைப் பிள்ளைகளோடு மெட்ச்

சனிக்கிழமை வானம் மூடியிருந்தது, மழை இல்லை. கம்பளைப் பிள்ளைகள் உயரமானவர்கள், சிவப்புச் சட்டை. எங்கள் பிள்ளைகளுக்கு மஞ்சள்.

முதல் பாதியில் பவியின் இடது ஓரம் ரயில் பாதைப் பக்கம், எனக்கு எதிர்க்கரையில் இருந்தது. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்தக் கைகளை இனி நம்ப முடியாது. நிரோஷாவின் காலுக்குப் பந்து வந்தபோதெல்லாம் பவி பின்னால் ஓடி வந்தாள், நின்றாள். சிவப்புச் சட்டைக்காரி ஒருத்தி ஒவ்வொரு தடவையும் நேராக நிரோஷாவின் மேல் வந்து விழுந்தாள். சேர் வெள்ளிக்கிழமை மண்ணில் காட்டியது அச்சு அசலாக நடந்தது. நிரோஷாவின் முழங்கால் தோல் உரிந்து ரத்தம் வந்தது. கோல் எதுவும் விழவில்லை.

பாதி ஆட்டம் முடிந்து பிள்ளைகள் தண்ணி குடிக்க வந்தபோது, மாற்றுக்கு உட்கார வைத்திருந்த மேலதிகப் பிள்ளை ஒருத்தி சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். பவி அதைப் பார்த்துக்கொண்டே தண்ணி குடித்தாள். சேர் என் பக்கம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"பத்து நிமிசம் குடுக்கிறன் ஆச்சி. அதுக்குப் பொறகு மாத்த வேண்டி வரும். என்னக் கோவிக்க வேணாம்."

பக்கம் மாறியதும் பவியின் ஓரம் எங்கள் மேட்டுப் பக்கம் வந்தது. எனக்கு என்ன தோன்றியது என்று தெரியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பினேன். மேட்டிலிருந்து இறங்கினேன். பக்கத்தில் இருந்த தாய்மார், எங்கே போகிறீர்கள் என்று கேட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டுக்கு வெளியே, ஓரமாகவே நடந்தேன். பவி நின்ற இடத்தைத் தாண்டினேன். நிரோஷா நின்ற இடத்தையும் தாண்டினேன். கொடி நட்டிருந்த மூலைக்குப் பக்கத்தில் போய்த் திரும்பி நின்றேன். தட்டுவதற்குக் கையில் கம்பு இல்லை. காலால் புல்லை மிதித்துப் பார்த்தேன். கெட்டியாக இருந்தது.

நிரோஷாவுக்குப் பந்து வந்தது. நிறுத்தினாள். உள்பக்கம் தலையைத் திருப்பினாள். பின்னால் பவி வந்துகொண்டிருந்தாள்.

"வழி நல்லாருக்கு பவி. வா."

என் குரல் அவ்வளவு தூரம் போகுமா என்று எனக்குத் தெரியாது. ஐம்பது வருசமாக அந்தச் சொல்லை நான் யாருக்கும் சொன்னதில்லை. பவி தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். மூன்று முழம் வந்தது. இரண்டு முழம் வந்தது. கோட்டை ஒட்டி, அக்காவின் தோளை உரசிக்கொண்டு, வெளிப்பக்கமாகத் தாண்டினாள். அக்கா என்று ஒரு சத்தம் கொடுத்தாள். வீட்டில் கருவாட்டுக்குச் சண்டை போடும்போது கொடுக்கிற அதே சத்தம்.

 கண்ணை மூடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். பந்து அவளுக்கு வரவில்லை. நிரோஷா எங்கேயோ கொடுத்துவிட்டாள். பவி நான் நின்ற இடம் வரைக்கும் ஓடி வந்து, திரும்பி, தன் இடத்துக்கு ஓடினாள். அவள் விட்டு வந்த இடத்தில் நடுப்பிள்ளை வந்து நின்றதையும் பார்த்தேன்.

இரண்டாவது தடவையும் ஓடினாள். பந்து வரவில்லை. நடுவர் என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார். தள்ளி நின்றேன். பத்து நிமிசம் முடிந்ததா என்று யாருக்கும் நினைவில்லை. மேலதிகப் பிள்ளை கயிற்றை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

மூன்றாவது தடவை பவி தாண்டியபோது, சிவப்புச் சட்டைக்காரி நிரோஷாவை விட்டுவிட்டு அவளுக்குப் பின்னால் ஓடினாள். இந்த மஞ்சள் பிள்ளைக்குத்தான் பந்து வரப்போகிறது என்று நம்பி, என் காலடி வரைக்கும் ஓடி வந்தாள். நிரோஷாவுக்கு முன்னால் ஒன்றும் இல்லை, வெறும் மண். உள்பக்கம் வெட்டினாள், இரண்டு எட்டு வைத்தாள், அடித்தாள். வலை அசைந்ததைத்தான் பார்த்தேன். பந்து போனதைப் பார்க்கவில்லை. வலது காலால் அடித்தேன் என்றும் சேர்க்க வேண்டுமாம், எழுதுகிற நிரோஷா சொல்கிறாள். சரி, வலது காலால்.

எல்லோரும் நிரோஷாவின் மேல் போய் விழுந்தார்கள். மேட்டில் தாய்மார் எழும்பிக் கைதட்டினார்கள். பவி மூலைக் கொடிக்குப் பக்கத்தில் தனியாக, முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். ரியாஸ் சேர் கோல் பக்கம் பார்க்கவே இல்லை. அத்தனை தூரத்திலிருந்து பவியைப் பார்த்து, கையைத் தன் நெஞ்சில் வைத்தார்.

நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன். கோட்டுக்கு இந்தப் பக்கம்.  அவள் வியர்வையும் மிதிபட்ட புல்லும் கலந்து ஒரு ஈர மணம் வந்தது. பூவாயி என்னைத் தாண்டிப் போன அன்றைக்குப் பிறகு நான் முகராத மணம். 

படியில்

ஒன்றுக்குப் பூச்சியம் என்று எங்கள் பிள்ளைகள் வென்று மெட்ச் முடிந்தது. மாகாணப் போட்டிக்கு இரண்டு பேரையும் எடுத்திருப்பதாகச் சேர் சொன்னார். அன்றைக்கு மூடியைக் கழுவித்தான் திருப்பித் தந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தூறல் போட்டது. படிக்கட்டு வந்ததும் வழக்கம் போல நான்தான் முதல் படியில் கால் வைத்தேன். வயதான முழங்கால், ஈரப் படி. பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். நிரோஷா நொண்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றாள்.

பவி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். பிறகு வெளிப்பக்கமாக, பள்ளத்தை ஒட்டிய ஓரமாக, எங்களைத் தாண்டினாள். என் கை எழும்பியது. எழும்பிய கையை நிரோஷா பிடித்துக்கொண்டாள்.

பவி படியேறி வளைவில் மறைந்தாள்.

நான் நின்றேன். தூறல் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று என்னைக் கேட்காதீர்கள். நிரோஷாவின் விரல்கள் என் கையில் இறுகி இருந்தன.

அப்புறம் மேலேயிருந்து குரல் வந்தது.

"வழி நல்லாருக்கு அம்மாயி. வாங்க."